கணக்கில் ஏறாத மணிநேரம்

பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேரும் இளைஞர் பாலன்ஸ் ஷீட்டைப் பிரித்துப் படிக்கக் கற்பதற்கு முன்பே டைம்ஷீட் நிரப்பக் கற்றுவிடுகிறார். சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை அந்தத் திரை அவர் முன் திறக்கும். இடப்பக்கம் கிளையண்டுகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்ஜ் கோடு. மேலே திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டங்கள். எந்தக் கிளையண்டுக்காக என்றைக்கு எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று நிரப்ப வேண்டும். பயிற்சிக்கும் விடுப்புக்கும், வேலை ஒதுக்கப்படாமல் சும்மா இருந்த நேரத்துக்கும் தனித்தனி கோடு உண்டு. நிரப்ப மறந்தால் முதலில் ஒரு நினைவூட்டல் வரும். அடுத்த நினைவூட்டல் மேனேஜருக்கும் ஒரு நகலோடு வரும்.

ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்ப்பதே இந்த நிறுவனங்களின் தொழில். ஆனால் இவர்கள் தமக்கென்று எழுதிக்கொள்ளும் இந்த ஒரு கணக்கு பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. அது சரியில்லை என்பது நிரப்புகிறவருக்குத் தெரியும். ஒப்புதல் தரும் மேனேஜருக்கும் தெரியும். தானும் அப்படி நிரப்பியே மேலே வந்த பார்ட்னருக்கும் தெரியும். தணிக்கை நிறுவன வேலை எப்படிப்பட்டது என்று கேட்பவருக்கு வேறு எதைச் சொல்வதையும்விட இந்த டைம்ஷீட்டை விளக்கினால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே கிடைக்கும் படிப்பு, அலுப்பு, லாபம், அவ்வப்போது வெடிக்கும் ஊழல் எல்லாவற்றுக்கும் அது வழியாக ஒரு பாதை இருக்கிறது.

உலகச் சந்தையில் இன்று டெலாய்ட், பி.டபிள்யூ.சி., ஈ.ஒய்., கே.பி.எம்.ஜி. என்று நான்கு பெரும் நிறுவனங்கள். 1980களில் எட்டு இருந்தன. 1989இல் நடந்த இரண்டு இணைப்புகளால் ஆறாகி, 1998இல் ஐந்தாகி, என்ரான் நிறுவனத்தின் கணக்கு மோசடி விவகாரத்தில் சிக்கி 2002இல் ஆர்தர் ஆண்டர்சன் குலைந்தபோது நான்காகச் சுருங்கின. இந்தியாவில் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்குள்ள சி.ஏ.க்களுக்கும் அவர்களுடைய நிறுவனங்களுக்கும் மட்டுமே. ஆகவே இந்த நால்வரும் உள்ளூர் கூட்டாளி நிறுவனங்களின் வழியாகவே தணிக்கை செய்கிறார்கள்: ஈ.ஒய். குடும்பத்தில் எஸ்.ஆர். பாட்லிபாய், கே.பி.எம்.ஜி.க்கு பி.எஸ்.ஆர். என்று. பெயர்ப்பலகை எதுவானாலும் உள்ளே இருக்கும் படிக்கட்டு ஒன்றுதான். அடியில் ஆர்டிகிள்கள் எனப்படும் சி.ஏ. பயிற்சி மாணவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும், அதற்கு மேல் சீனியர், மேனேஜர், உச்சியில் பார்ட்னர். ஒரு பார்ட்னரின் வருமானம் அவருக்குக் கீழே எத்தனை பேர், எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வழக்கறிஞர் பலர் செலவிட்ட மணிக்கு ஏற்பப் பில் போடுகிறார்கள். தணிக்கையில் பெரும்பாலும் கட்டணம் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டுவிடும். கட்டணம் நிலையானதாக இருக்கும்போது கூடுதலாக உழைக்கும் ஒவ்வொரு மணியும் வருமானமாக வராது, செலவாகத்தான் போகும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆலையின் தணிக்கைக் கட்டணம் 12 லட்சம் ரூபாய். அணியின் சராசரி மணிக் கட்டணம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பட்ஜெட் 600 மணி நேரம். களத்தில் இறங்கிய பிறகு ஸ்டோர்ஸ் பதிவேடு பொருந்தவில்லை, கிளையண்டின் புது மென்பொருளில் பழைய பாக்கிகள் சரியாக ஏறவில்லை, கேட்ட பட்டியல் இரண்டு வாரம் தாமதமாக வருகிறது. உண்மையில் 750 மணி நேரம் ஆகிறது. எல்லோரும் உள்ளபடி எழுதினால் அந்த உழைப்பின் மதிப்பு 15 லட்சம். கைக்கு வருவது 12 லட்சம். அதாவது 80 சதவீதம்தான் தேறியது. அந்த 80 சதவீதத்துக்கு மேனேஜர் விளக்கம் எழுத வேண்டும், வருட இறுதி மதிப்பீட்டில் அது அவர் பெயருக்கு நேராக நிற்கும். அதையே 620 மணி என்று எழுதிவிட்டால் யாரும் ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை. 130 மணி நேரம் காற்றில் கரைந்துவிடும். அதோடும் போவதில்லை. அடுத்த ஆண்டு பட்ஜெட் போடுகிறவர் சென்ற ஆண்டுக் கோப்பைத் திறந்து 620 என்று பார்ப்பார். அணிக்கு இப்போது பழக்கம் வந்துவிட்டதே என்று 590 போடுவார். கிளையண்டின் நிதி அதிகாரி கட்டணத்தைக் குறைக்கக் கேட்டால் அதற்கும் இடமிருப்பதாகவே அவருக்குத் தோன்றும்.

குறைத்து எழுது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உழைத்த நேரத்தை முழுமையாகப் பதிய வேண்டும் என்பதுதான் அதிகாரபூர்வக் கொள்கை. ஆண்டுதோறும் அதைப் படித்துப் புரிந்துகொண்டதாக எல்லோரும் ஒரு பெட்டியில் டிக் போடுகிறார்கள். மேனேஜர் சொல்வதெல்லாம் “பட்ஜெட்டுக்குள்ள முடிச்சிடுங்கப்பா” என்பதுதான். சீனியர் அதை ஆர்டிகிளிடம் இன்னும் சுருக்கமாகச் சொல்வார்: “ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல போடாத தம்பி, அப்புறம் என்னைத்தான் கேப்பாங்க.”

ஆய்வாளர்கள் இதைத் தொட்டு ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அமெரிக்காவில் தணிக்கையாளர்களின் பொறுப்பைப் பற்றி ஆராய அமைக்கப்பட்ட கோஹன் குழுவுக்காக 1978இல் ஜான் ரோட் ஒரு கருத்தாய்வு நடத்தினார். செய்ய வேண்டிய ஒரு சோதனையைச் செய்யாமலே செய்ததாகக் கையெழுத்திட்டதுண்டு என்று பதிலளித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். 1990களின் நடுவில் டேவிட் ஓட்லியும் பெர்னார்ட் பியர்ஸும் அயர்லாந்தின் பெரிய நிறுவனங்களில் சீனியர்களைக் கேட்டபோது ஓர் இரட்டை வழக்கம் தென்பட்டது: பட்ஜெட் எட்ட முடியாததாக இறுகும்போது ஒன்று நேரத்தை மறைக்கிறார்கள், அல்லது வேலையைக் குறைக்கிறார்கள். இரண்டில் வேலையைக் குறைப்பதுதான் முதலீட்டாளருக்கு ஆபத்து. நேரத்தை மறைப்பது உழைப்பவருக்கு நஷ்டம். பலர் நேர்மையாளர்கள் என்பதாலேயே நேரத்தை மறைக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலையை அரைகுறையாக விட மனம் வரவில்லை; பட்ஜெட்டும் இல்லை; ஆக இரவுத் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு ஆய்வு இதைவிட நுணுக்கமானது. பியோனா ஆண்டர்சன்-கோ, கிறிஸ்டபர் கிரே, கீத் ராப்சன் ஆகிய மூவர் பிரிட்டனின் இரண்டு பெரிய நிறுவனங்களில் பயிற்சியாளர்களுடன் பேசி, 2001இல் நேரத்தைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதினார்கள். அலுவலகத்தில் பதிவாகாமல் உழைக்கும் நேரம் அர்ப்பணிப்பின் அடையாளமாகப் படிக்கப்படுகிறது என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. பட்ஜெட்டுக்குள் முடித்ததாகக் காட்டுபவர் திறமைசாலி. உண்மையை எழுதுபவர் மெதுவானவர். வேலைக்கு வந்த ஆறு மாதத்தில் ஒரு புத்திசாலிக்கு இது புரிந்துவிடும். தொழில்முறை நேர்த்தி என்று அங்கே பழக்கப்படுத்தப்படுவதில் பெரும்பகுதி உடை, பேச்சு, கிளையண்டிடம் நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றைச் சேர்ந்தது என்றும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். பொதுநலன் என்ற பேச்சு பயிற்சியாளர்கள் வாயில் அரிதாகவே வந்ததாம்.

இந்தியாவில் இந்தப் பாரம் முதலில் இறங்குவது ஆர்டிகிள் தோளில். சி.ஏ. படிப்பில் நீண்ட காலம் மூன்றாண்டாக இருந்த செய்முறைப் பயிற்சி 2023இல் கொண்டுவந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. ஆர்டிகிளுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, உதவித்தொகை. 2020இல் இரட்டிப்பாக்கிய பிறகும் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் முதலாண்டுக்கான குறைந்தபட்சத் தொகை மாதம் 2,000 ரூபாய்தான் இருந்தது. பெரிய நிறுவனங்கள் இதைவிடப் பல மடங்கு தருகின்றன, அதனாலேயே அங்கே நுழையப் போட்டி. வாரத்துக்கு 35 மணி நேரப் பயிற்சி என்பது சி.ஏ. கழகத்தின் விதி. ஏப்ரல், மே மாதங்களில் அந்த 35 வியாழக்கிழமை மதியத்தைத் தாண்டாது. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் மார்ச் 31 முடிந்து 60 நாட்களுக்குள் தணிக்கை செய்த ஆண்டு முடிவுகளை வெளியிட்டாக வேண்டும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் மற்ற கம்பெனிகளின் பொதுக்குழு, வரித் தணிக்கை என்று எல்லாம் செப்டம்பரை நோக்கி ஓடிவரும். நடுவில் சி.ஏ. இறுதித் தேர்வுக்குப் படிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு அந்த வேலையின் ருசியைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இருபது வயதுப் பையனோ பெண்ணோ ஒரு பெரிய ஆலையின் உள்ளறை வரை போய்க் கேள்வி கேட்க முடிகிற வேலை வேறு எது? மார்ச் 31 அன்று ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் சரக்கு எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். உற்பத்தியை நிறுத்தி, ஒவ்வொரு தொட்டிக்கும் அட்டை கட்டியிருப்பார்கள். ஆர்டிகிள் முதலில் செய்வது எண்ணுவது அல்ல. கடைசியாக உள்ளே வந்த சரக்கின் வரவுச் சீட்டான ஜி.ஆர்.என். எண்ணையும் கடைசியாக வெளியே போன டெலிவரி சலான் எண்ணையும் குறித்துக்கொள்வார். நாளைக்கு யாராவது ஏப்ரல் விற்பனையை மார்ச்சுக்குள் தள்ளினால் அந்த இரண்டு எண்களும் காட்டிக்கொடுக்கும். பிறகு பட்டியலிலிருந்து சில உருப்படிகளைத் தேர்ந்து தரையில் போய்ப் பார்ப்பார். தரையில் கிடக்கும் சிலவற்றைத் தேர்ந்து பட்டியலில் தேடுவார். முதல் வழியில் இல்லாத சரக்கு தெரியும், இரண்டாவதில் எழுதாமல் விட்ட சரக்கு தெரியும். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. நூறு எண்ணி எடை போட்டு, மொத்த எடையை அதனால் வகுப்பார்கள். அடுக்கின் மேல் பெட்டியைத் திறந்து காட்டும் ஸ்டோர்ஸ்காரரிடம் “அண்ணே, அடியில இருக்கிறத எடுங்க” என்று சொல்லத் தெரிந்த நாளில் ஒரு தணிக்கையாளர் உருவாகிறார்.

இந்தச் சடங்கும் ஒரு மோசடிக்குப் பிறகு வந்ததுதான். 1938 வரை அமெரிக்காவில் சரக்கைத் தணிக்கையாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த ஆண்டு மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்து நிறுவனத்தின் புத்தகத்தில் ஏறத்தாழ 2 கோடி டாலர் அளவுக்கு இல்லாத சரக்கும் வராத பாக்கியும் எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. தணிக்கை செய்தது பிரைஸ் வாட்டர்ஹவுஸ். மறு ஆண்டே சரக்கை நேரில் பார்ப்பதும் கடனாளிகளிடம் நேரடியாக எழுதிக் கேட்பதும் நடைமுறை விதியாயின.

நேரடியாக எழுதிக் கேட்பது என்பதில்தான் சத்யம் கதை வருகிறது. 2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், புத்தகத்தில் இருந்த ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். வங்கி இருப்பைச் சரிபார்ப்பது தணிக்கையில் மிக எளிய வேலை. அதனாலேயே அது அணியில் மிக இளையவருக்குப் போகும். வங்கிக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும், பதில் வங்கியிலிருந்து நேராகத் தணிக்கையாளருக்கு வர வேண்டும். கடிதம் கிளையண்ட் கை வழியாகப் போய் வந்தால் அதற்கு மதிப்பே இல்லை. 2011 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்தியக் கூட்டாளி நிறுவனங்களுக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தபோது சொன்னது இதைத்தான். கடிதத்தை அனுப்புவதையும் பதிலைப் பெறுவதையும் கிளையண்டிடமே விட்டுவிடும் வழக்கம் அங்கே இருந்தது. அது சத்யத்தோடு நிற்கவில்லை, நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டிலேயே இருந்த குறை என்றது ஆணையம்.

இதற்கும் டைம்ஷீட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று அந்த உத்தரவு சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் வேலை செய்தவர்களுக்கு அந்தக் குறுக்குவழி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். வங்கிக் கிளைக்கு மூன்று முறை போன் செய்து, கையெழுத்திடும் அதிகாரி விடுப்பிலிருந்து வரும்வரை காத்திருந்து, பதிலைத் துரத்திப் பெறும் நேரத்துக்குப் பட்ஜெட்டில் வரி இல்லை. கிளையண்டின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒருவர் சிரித்த முகத்தோடு “கொடுங்க சார், நம்ம பையன் பேங்க்குக்குத்தான் போறான், வாங்கிட்டு வந்துடுவான்” என்கிறார். சென்ற ஆண்டும் அப்படித்தான் நடந்திருக்கிறது. சென்ற ஆண்டுக் கோப்பில் இருப்பது போலவே இந்த ஆண்டும் செய்வது என்பது இந்தத் தொழிலின் மிகப் பெரிய நேர மிச்சம்.

மிச்சம் பிடித்த நேரம் பிறகு காகிதமாகத் திரும்பி வந்து கேட்கும். இந்தியத் தணிக்கைத் தரம் எஸ்.ஏ. 230இன்படி, அறிக்கையில் கையெழுத்திட்ட 60 நாட்களுக்குள் கோப்பைத் தொகுத்துப் பூட்டிவிட வேண்டும். அந்த அவகாசம் இருக்கும் காகிதங்களை ஒழுங்குபடுத்தத்தான். புதிய சோதனை செய்யவோ புதிய முடிவு எழுதவோ அல்ல. மே முடிந்த கையோடு அடுத்த கிளையண்டுக்கு மாற்றப்பட்ட அணி, ஜூன், ஜூலை இரவுகளில் பழைய கோப்பின் ரிவியூ நோட்ஸுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும். அந்த மணிகளை ஏற்றப் பழைய கோடு திறந்திருக்காது. ஒழுங்குபடுத்துவதற்கும் இட்டுக்கட்டுவதற்கும் நடுவே இருக்கும் கோடு அந்த இரவுகளில் மிக மெல்லியது. பிரிட்டனில் 2018 ஜனவரியில் திவாலான கேரிலியன் கட்டுமான நிறுவனத்தின் தணிக்கையை ஒழுங்காணையம் ஆய்வு செய்ய வந்தபோது, கே.பி.எம்.ஜி. ஊழியர்கள் நடந்த கூட்டத்தின் குறிப்பு என்று பின்னால் தயாரித்த காகிதங்களை நீட்டினார்கள். 2022இல் 1.44 கோடி பவுண்டு அபராதம். விசாரணைக் கூண்டில் பார்ட்னரோடு அணியின் இளையவரும் நிற்க வேண்டியிருந்தது.

அதே 2022 ஜூனில் அமெரிக்காவில் ஈ.ஒய். 10 கோடி டாலர் கட்டியது. குற்றம் எந்தக் கிளையண்டின் கணக்கிலும் இல்லை. சி.பி.ஏ. உரிமத்துக்கான அறநெறித் தேர்விலும் மற்றப் பயிற்சித் தேர்வுகளிலும் ஊழியர்கள் விடைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். அதைப் பங்குச்சந்தை ஆணையத்திடம் நிறுவனம் மறைத்தது. அறநெறித் தேர்விலேயே காப்பியா என்று எல்லோரும் சிரித்தார்கள். ஆணையத்தின் உத்தரவில் அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஒரு வரி இருந்தது: தப்பு என்று தெரிந்தே பலர் செய்ததற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று வேலைப் பளு. பயிற்சிக்குச் செலவிடும் நேரம் எந்தக் கிளையண்டின் கோடிலும் ஏறாது என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் உழைத்தால் தணிக்கை கெடத் தொடங்குகிறது? அதைத் தணிக்கையாளர்களிடமே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஜூலி பெர்செலினும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 700க்கு மேற்பட்டோரிடம் எடுத்த கருத்தாய்வு 2019இல் வெளிவந்தது. தங்கள் வேலையின் தரம் குறையத் தொடங்கும் என்று அவர்களே கருதும் எல்லையைவிட வாரத்துக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் கூடுதலாக வேலை செய்கிறார்கள். பிஸி சீசன் உச்சத்தில் பல சமயம் 20 மணி நேரம் கூடுதலாக. ஆஸ்திரேலிய ஈ.ஒய். நிறுவனத்தின் சிட்னி அலுவலகத்தில் ஓர் ஊழியர் இறந்த பிறகு எலிசபெத் பிராடரிக் நடத்திய ஆய்வின் அறிக்கை 2023இல் வெளியானது. ஊழியர்களில் 31 சதவீதம் பேர் வாரத்துக்கு 51 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பதாகவும், 46 சதவீதம் பேர் நீண்ட வேலைநேரத்தால் உடல்நலம் கெட்டதாகவும் சொன்னார்கள்.

2024 ஜூலையில் புனேயில், இத்தகைய நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதமான ஓர் இளம் சி.ஏ. இறந்தார். அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியே வந்தபோது நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது. வேலைப் பளுதான் காரணமா என்பதில் நிறுவனம் வேறு சொன்னது. அந்த விவாதத்துக்கு நடுவே தொழிலாளர் துறை அதிகாரிகள் அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தபோது, வேலைநேரத்துக்கு வரம்பு விதிக்கும் மாநிலக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகம் பல ஆண்டுகளாகப் பதிவே பெறவில்லை என்று கண்டார்கள். கிளையண்டுகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று பட்டியல் வைத்து டிக் போடும் நிறுவனம் அது.

ஏன் யாரும் எழுந்து போவதில்லை என்று கேட்டால், போகிறார்கள், கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் பெரும்பாலோர் கம்பெனிகளின் நிதிப் பிரிவுக்கோ வங்கிக்கோ போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தக் கோபுரமே கட்டப்பட்டிருக்கிறது. அடித்தளத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் உச்சியில் இடம் கிடையாது. பயோடேட்டாவில் அந்தப் பெயர் இருந்தால் அடுத்த வேலை சுலபம். பெண் பார்க்கும் வீட்டிலும் அதற்கு ஒரு மரியாதை. புதிராக இருப்பவர்கள் தங்கிவிடுபவர்கள். அயோனா லூப்பு, லாரா எம்ப்சன் இருவரும் 2015இல் எழுதிய ஆய்வு அவர்களைப் பற்றியது. விதிகள் முழுக்கத் தெரிந்த, தன் நேரத்தைத் தானே தீர்மானிக்கக்கூடிய அனுபவசாலிகளும் ஏன் அளவுக்கு மீறி உழைக்கிறார்கள் என்று கேட்டு, ஆட்டத்தில் வெல்ல வெல்ல ஆட்டத்தின் மீதான நம்பிக்கை இறுகி, அதை விட்டு விலகி நின்று பார்க்கும் திறனே போய்விடுகிறது என்கிறார்கள். ஆர்டிகிளாக இருந்தபோது எட்டு என்று பொய்யெழுதியவர் பார்ட்னரானதும் அந்த எட்டை நம்பியே பட்ஜெட் போடுவதை இதைவிட நன்றாக விளக்கும் வாதத்தை நான் படித்ததில்லை.

ஒழுங்காணையங்கள் வெகுகாலம் கோப்பைத்தான் பார்த்தன, அதை எழுதியவரின் நேரத்தைப் பார்க்கவில்லை. இந்தியாவில் 2018 அக்டோபரில் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையமும் பெரிய நிறுவனங்களின் கோப்புகளையும் தரக் கட்டுப்பாட்டையும் ஆய்வு செய்து அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. நேரத்தை நேரடியாகத் தொட்டது அமெரிக்கத் தணிக்கை மேற்பார்வை வாரியம். ஒரு பட்டியல் கம்பெனியின் தணிக்கையில் பார்ட்னர், மேனேஜர்களின் பங்கு எவ்வளவு, அணியினர் வாரத்துக்குச் சராசரி எத்தனை மணி உழைத்தார்கள், எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பன போன்ற அளவீடுகளைப் பெரிய நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று 2024 நவம்பரில் அது ஒரு விதியை ஏற்றது. தணிக்கை நிறுவனங்கள் தரப்பிலிருந்து ஆட்சேபங்கள் வந்தன. பங்குச்சந்தை ஆணையத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்த அந்த விதி 2025 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. பிழைத்திருந்தால் அந்த வாராந்திரச் சராசரியை நிறுவனங்கள் டைம்ஷீட்டிலிருந்துதான் எடுத்துக் கொடுத்திருக்கும்.